தண்ணீர் ஊற்ற மறுத்த லுடிவின்

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ரொஸேர் சிரோவா நான்காவது தடவையாக நிலவறைப் படிகளில் இறங்கினார். கையில் பூவாளி. வெளியே பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறி நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கனடாக்காரர்களின் வீடுகள்கூட மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. கீழே செடி வளர்க்கும் கறுப்புத் துணிக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் மட்டும் ஜூலை மாதம். வெள்ளை விளக்கின் கீழே மூன்று கஞ்சா செடிகள் நின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சட்டம் ஒரு ஆளுக்கு விட்டுக்கொடுத்த மூன்று. ஒவ்வொரு தொட்டியிலும் அவருடைய பெயரும் ஓட்டுநர் உரிம எண்ணும் எழுதிய சீட்டு தொங்கியது. முப்பத்தெட்டு வருஷம் மரம் ஏற்றிய லாரி ஓட்டியவர். காகிதத்தில் குறை வைத்து யாரிடமும் மாட்டிக்கொண்டதில்லை.

காகிதம் சரியாக இருந்தது. செடிகள்தான் சரியாக இல்லை. இலைகள் எல்லாம் மழையில் நனைந்த கோழியின் சிறகு மாதிரித் தொங்கின. காலையில் தொங்கின, ஊற்றினார். மதியம் தொங்கின, ஊற்றினார். இப்போதும் தொங்கின.

"குடிங்கப்பா. எவ்வளவு வேணுமோ குடிங்க. கிணத்துல நிறைய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்றுக்கும் ஊற்றினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கொஞ்ச நேரம் குளமாக நின்றது. அது அவருக்கு உறுத்தவில்லை. செடி வாடினால் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

செடிகள் அவருக்காக அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கிளோவிஸ் டெய்கில், உருளைக்கிழங்கு விவசாயி, குடலில் புற்றுநோய் வந்து ஜனவரியிலிருந்து கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டது எதுவும் உள்ளே நிற்கவில்லை. டாக்டரே, "கஞ்சா சிலருக்குக் கைகொடுக்குது, முயற்சி பண்ணிப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். கடையில் வாங்கியது கிளோவிஸுக்குத் தலையைச் சுற்றவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்தது. ரொஸேர் போன கோடையில் சும்மா ஆசைக்கு வீட்டுப் பின்னால் வளர்த்த ஒரே ஒரு செடியின் பூ மட்டும் அவருக்கு ஒத்துக்கொண்டது. இரண்டு இழுப்பு, அரை மணி நேரம், அப்புறம் கிளோவிஸ் ஒரு தட்டுக் கோழிக் குழம்பு சாப்பிட்டார். அவருடைய மனைவி சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்தச் செடியின் கிளைகளை ஒடித்து நட்டு வளர்த்தவைதான் இந்த மூன்றும். தாய்ச்செடி உறைபனியில் போய்விட்டது. இவையும் போனால் அந்த வகையே போச்சு. கிளோவிஸின் கண்ணாடி ஜாடியில் மிச்சம் இருந்ததைச் சிக்கனமாகப் பிடித்தால் மே மாதம் வரை வரும்.

இந்த நேரம் பார்த்துத்தான் தங்கை லுடிவின் வந்து சேர்ந்தாள். இருபது மைல் கீழே இருக்கும் அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, சமையலறைத் தரை முழுக்கப் பெயர்ந்துபோனது. வேலை முடிய இரண்டு வாரம் ஆகும் என்று தச்சர் சொன்னார். ஒரு பெட்டியோடும் ஒரு நிபந்தனையோடும் வந்தாள்.

"உன் வீடு, உன் இஷ்டம் அண்ணே. ஆனா அந்த நிலவறைக் கதவு மட்டும் சாத்தியே இருக்கணும். என் கோட்டுல அந்த நாத்தம் ஏறிச்சுன்னா ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் என்னை மூக்கால பார்ப்பாரு."

"ஃபாதருக்கே முழங்கால் வலி. எனக்கும் கொஞ்சம் குடுன்னு கேட்டாலும் கேட்பாரு."

"உனக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

அவளுக்கு அறுபத்தொன்று. ரொஸேரை விட ஐந்து வயது சின்னவள். இருபத்தேழு வருஷம் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்து, போன இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். குட்டை உருவம், வேகமான நடை. எதைப் பார்த்தாலும் முதலில் கையால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம். ரொட்டியையும் அமுக்குவாள், சோபாவையும் அமுக்குவாள், பேசிக்கொண்டிருக்கும் ஆளின் கணுக்காலையும் விடமாட்டாள்.

புதன்கிழமை காலை ரொஸேர் வாசலில் பனி அள்ளும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மண்வாரியை ஊன்றியபடி அசையாமல் நின்றவரை லுடிவின்தான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து சோபாவில் கிடத்தினாள். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பொறுத்தார்.

"லுடி."

"என்ன?"

"கீழே போய் ஒரு வேலை பண்ணணும். கேட்டா கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன். முடியாதுன்னு மட்டும் சொல்வேன்."

"எனக்காகக் கேக்கல. கிளோவிஸுக்காக. மூணு தொட்டி. ஆளுக்கு ரெண்டு லிட்டர். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவ்வளவுதான்."

கிளோவிஸ் பெயரைச் சொன்னதும் அவள் எழுந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள், தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள், பூவாளியை நிரப்பிக்கொண்டு கீழே போனாள். போனவள் வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அதே பூவாளியோடு மேலே வந்தாள். அது நிரம்பியபடியே இருந்தது.

"ஊத்தலையா?"

"ஊத்த மாட்டேன்."

"ஏண்டி, மனசு வரலையா? பாவம்னு நினைச்சா அப்புறம் ஃபாதர்கிட்ட சொல்லிக்கோ…"

"பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. அதுங்க மூழ்கிப்போய் நிக்குதுண்ணே."

ரொஸேர் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. "வாடிக் கிடக்குதுடி! இலையெல்லாம் தொங்குது, உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. தாகத்துல வாடின இலை பேப்பர் மாதிரி இருக்கும். கையில எடுத்தா கனமே இருக்காது. இதை அமுக்கிப் பாத்தேன், உப்பி விறைச்சுப்போய், தன்னோட கனத்துலயே வளைஞ்சு தொங்குது. தொட்டிக்கு அடியில தட்டு நிறையத் தண்ணி நிக்குது. மண்ணுல விரலை விட்டா சேறு. குட்டி ஈ பறக்குது. ஒரு தொட்டியைத் தூக்கலாம்னு பாத்தேன், மூச்சு வாங்கிடுச்சு. சின்னச் செடிக்கு அவ்வளவு கனம் எங்கேர்ந்து வரும்?"

"நீ எப்ப கஞ்சா வளர்த்த, எனக்குச் சொல்லித்தர?"

"நான் கஞ்சா வளர்க்கல. உள்ளே போன தண்ணி வெளியே போக வழியில்லாம கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டினவங்களை இருபத்தேழு வருஷம் பாத்திருக்கேன். வீங்கினவனும் தண்ணி தாங்கன்னுதான் கெஞ்சுவான்."

"அவன் மனுஷன். இது செடி."

"வேருக்கும் மூச்சு வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டு அவள் பூவாளியைச் சமையலறை ஸிங்க்கில் கவிழ்த்தாள். பிறகு அதையும் நிலவறையில் இருந்த வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காரின் டிக்கி சாத்தப்படும் சத்தம் ரொஸேருக்குக் கேட்டது.

அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. லுடிவின் மாட்டுக்கறி சூப் வைத்தாள், பக்வீட் தானிய மாவில் ப்ளோய் என்கிற மெல்லிய தோசை சுட்டாள், தட்டைக் கொண்டுவந்து அண்ணன் மார்பின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிலவறைக்கு இறங்கப் பார்த்தார். நான்காவது படியில் இடுப்பு பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தலையில் துண்டோடு வந்த லுடிவின் மேலே நின்று பார்த்தாள்.

"அந்த டம்ளரை நீ குடி" என்றாள்.

"உனக்கு இரக்கமே கிடையாது."

"கிடையாதுன்னு ஊரே சொல்லுது, நீயும் சொல்லிக்கோ. குடிச்சிட்டு என் தோளைப் பிடி."

செடிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்க அவருக்குத் தன்மானம் இடம்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள்: அப்படியேதான் இருக்கின்றன, ஒன்றில் அடி இலைகள் மஞ்சளாகி நான்கு உதிர்ந்துவிட்டன. சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு உறுதியாக இல்லை. அதைப் பார்த்ததும் ரொஸேருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கிளோவிஸுக்குப் போன் போட்டார்.

"என் தங்கச்சி உன் மருந்தைக் கொல்றா. மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல. வாளியைக் கொண்டுபோய் கார்ல ஒளிச்சு வச்சிருக்கா."

மறுமுனையில் கிளோவிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியதும், "அவ என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"மூழ்கிடுச்சாம். கனமா இருக்காம்."

"கனத்தைப் பத்திச் சண்டைன்னா எடை போட்டுப் பாக்க வேண்டியதுதானேடா. நாளைக்கு நான் வரேன். இந்த வாரம் எனக்கு ஊசி இல்ல, ஒக்காந்திருக்க முடியுது."

சனிக்கிழமை மதியம் கிளோவிஸின் வண்டி வந்தது. பாதி உடம்பு கரைந்துபோயிருந்தார். கம்பளித் தொப்பிக்குக் கீழே கண் மட்டும் பழைய கிளோவிஸ். வண்டிக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் பலகைத் தராசு இருந்தது. லுடிவின் அதைச் சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்து வந்து, ஒவ்வொரு படியாக இறக்கினாள். ரொஸேர் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கிளோவிஸ் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கூடாரத்துக்குப் பக்கத்தில் செடி நடாத ஒரு துணித்தொட்டி, அதே மண்கலவையைக் காய்ந்தபடியே நிரப்பி, உபரியாகக் கிடந்தது. லுடிவின் முதலில் அதைத் தூக்கித் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ.

"கிலோவா? பவுண்டுல சொல்லுடி" என்றார் ரொஸேர்.

"மருந்து, மனுஷன், தண்ணி மூணுக்கும் கிலோதான். இப்போ செடி இருக்கிறதைப் பாப்போம்." பெரிய செடியின் தொட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வைத்தாள். பதினான்கரை. அடுத்தது பதினான்கு. மஞ்சள் இலைச் செடி பதினைந்து.

கிளோவிஸ்தான் கணக்குப் போட்டார். "மூணு நாள் ஊத்தாம விட்டும் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒன்பது, பத்து லிட்டர் நிக்குது. டேய் ரொஸேர், ஈரமான கிழங்கை மூட்டை கட்டினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? என் கொட்டகையில எத்தனை வருஷம் அழுகல் வாடை பிடிச்சிருக்க?"

"இலை தொங்கிச்சுடா…"

"உங்க அப்பாவுக்குப் பண்ணின அதே வேலையைப் பண்ணியிருக்க."

நண்பன் ஒருவன்தான் அதைச் சொல்ல முடியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா டயாலிசிஸில் இருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று லுடிவின் அளந்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாத நேரத்தில், அப்பா நாக்கைத் துருத்திக் காட்டிக் கெஞ்சியதைத் தாங்க முடியாமல் ரொஸேர் இரண்டு டம்ளர் தண்ணீரும் அரைத் தர்ப்பூசணியும் கொடுத்தார். நுரையீரலில் நீர் கட்டி, விடியும்போது ஆம்புலன்ஸ் வந்தது. அப்பா பிழைத்துவிட்டார், அதற்கப்புறம் ஒரு வருஷம் இருந்தார். லுடிவின் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனைப் பார்த்துக் கத்தினாள், பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ரொஸேர் மனதில் தங்கிப்போனதெல்லாம் அவள் கத்தியதுதான். அந்த ஒரு வருஷமும் தினமும் அப்பா முன்னால் உட்கார்ந்து 'இல்லை' என்று சொன்னவள் எப்படி அதைத் தாங்கினாள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"அப்பா உன்கிட்ட தினம் கேட்டிருப்பாரு இல்ல?" என்றார், தராசைப் பார்த்துக்கொண்டே.

"தினமும் கேட்டாரு. ஒரு ஐஸ் துண்டைத் துணியில சுத்தி உதட்டுல வைப்பேன். என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுவாரு. அப்புறம் இன்னொண்ணு வைம்மான்னு கேப்பாரு." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அந்த விறகுக் கட்டைங்களை எடு அண்ணே. தொட்டியைச் சிமெண்டுத் தரையிலேர்ந்து தூக்கணும். அடியில காத்துப் போகணும்."

"நான் அன்னைக்குப் பண்ணினது தப்புதான் லுடி."

"பன்னெண்டு வருஷம் லேட்டு. பரவாயில்ல. குனியாதே, இடுப்பு போயிடும். நீ சொல்லு, நான் எடுக்கிறேன்."

தட்டுகளில் நின்ற தண்ணீரை அவள் பழைய துண்டால் ஒற்றி எடுத்தாள். விறகுக் கட்டைகளைப் பரப்பி அதன் மேல் தொட்டிகளை வைத்தாள். சிறிய மின்விசிறியைத் தொட்டியின் பக்கவாட்டுத் துணியில் காற்றுப் படும்படி திருப்பினாள். மஞ்சள் இலைச் செடியின் தண்டை மண்ணோடு சேரும் இடத்தில் அமுக்கிப் பார்த்தபோது விரல் லேசாகப் புதைந்தது.

"இது தேறாது. மத்த ரெண்டும் தேறுமான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. நான் தெரிஞ்ச மாதிரி பேசினேன். உள்ளுக்குள்ள பயம்தான்."

"நீ பயந்தா நாங்க எங்கே போறது?" என்றார் கிளோவிஸ்.

"நீங்க வீட்டுக்குப் போங்க கிளோவிஸ் அண்ணே. உதடு நீலமாகுது."

தராசு அங்கேயே தங்கியது. தினமும் காலை காப்பி குடித்ததும் லுடிவின் கீழே போய் எடை பார்த்து ஒரு அட்டையில் எழுதினாள். பதினான்கு, பதிமூன்றரை, பதிமூன்று. ஞாயிற்றுக்கிழமை செடிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது செடியை அவள் வேரோடு பிடுங்கியபோது வேர் பழுப்பேறி, வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. ரொஸேர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரே, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் இறங்கினார். ஜிப்பைத் திறந்தார். பெரிய செடியின் உச்சி இலைகள் விளக்கை நோக்கிக் கையை நீட்டுவது போல விரிந்து நின்றன. அடி இலைகள் இன்னும் தொங்கின. ஆனால் உச்சி எழுந்துவிட்டது.

"லுடி! லுடீ! இங்கே வா!"

அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். பார்த்தாள். ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அமுக்கினாள். இலையை விட்டு நகராத கண்களோடு நின்ற அவளுடைய முகத்தை ரொஸேர் பார்த்தார். இருபத்தேழு வருஷமும் இந்த முகம் வேலை செய்யும்போது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது. ஊரில் நோயாளிகள் அவளைத் திட்டிக்கொண்டே அவளுடைய ஷிப்டில்தான் வருவோம் என்று அடம்பிடித்ததற்கும் காரணம் புரிந்தது.

அவளுடைய வீட்டுத் தரை தயாராகிவிட்டது என்று தச்சர் போன் செய்தார். "முதல் தண்ணி ஊத்திட்டுத்தான் போவேன்" என்று அவள் தங்கிவிட்டாள். எடை ஏழு கிலோவுக்கு இறங்க மேலும் ஒன்பது நாள் ஆனது. அதற்கு முந்தைய நாள் இரண்டு வாளித் தண்ணீரை விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். "குழாயிலேர்ந்து வர்றது பனிக்கட்டி மாதிரி இருக்கு. அதை நேரா வேர்ல ஊத்தியிருக்க. உன் காலை ஆத்துல விட்டா எப்படி இருக்கும்?"

தொட்டியைச் சுற்றி வட்டமாக, பொறுமையாக, அரை லிட்டர் ஊற்றினாள். நிறுத்தினாள். மண் உறிஞ்சுவதைக் காதைக் கொடுத்துக் கேட்டாள். பத்து நிமிஷம் கழித்து இன்னும் கொஞ்சம். திரும்பவும். ரொஸேர் எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தாவது லிட்டரில் பொறுக்க முடியவில்லை.

"இரு, இரு! ரெண்டு லிட்டர் ஊத்தினதுக்கு என்னை அந்தத் திட்டுத் திட்டினே. இப்ப நீ அஞ்சு லிட்டர் ஊத்துற!"

"ஊத்தினா முழுசா ஊத்தணும், அடி வேர் வரைக்கும் நனையணும். அரைகுறையா மேலே நனைச்சா வேர் மேலேயே சுத்திக்கிட்டு நிக்கும். நிறைய ஊத்துறது தப்பில்லண்ணே. உள்ளே இருக்கிறது காலியாகுறதுக்கு முன்னாடி ஊத்துறதுதான் தப்பு." அடியிலிருந்து தட்டில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. உடனே நிறுத்தினாள், தட்டை எடுத்துக் கொட்டினாள். "இப்ப தூக்கிப் பாரு. இடுப்புக்கு ஒண்ணும் ஆகாது, ஓரத்தை மட்டும் தூக்கு. இதுதான் நிறைஞ்ச கனம். ஞாபகம் வச்சுக்கோ."

"அடுத்தது எப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு கணக்கு சொல்லேன். மூணு நாளைக்கு ஒருக்கா, நாலு நாளைக்கு ஒருக்கா…"

"காலண்டரா குடிக்குது? பாதிக்குப் பாதி இறங்கினதும் ஊத்து. இப்போதைக்கு எட்டு நாள் ஆகலாம். செடி பெருசானா நாலு நாள். பூ வைக்கும்போது ரெண்டு நாளே தாங்காது. தினம் காலையில எனக்குப் போன் பண்ணி எடையைச் சொல்லு. மறந்தே, காரை எடுத்துக்கிட்டு வந்துடுவேன்."

அவள் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. தினமும் ஏழு மணிக்கு ரொஸேர் போன் செய்தார். எடை சொல்ல அரை நிமிஷம்; அப்புறம் இருபது நிமிஷம் அவளுடைய புதுத் தரை, அவருடைய இடுப்பு, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஓடியது. மார்ச் கடைசியில் செடிகள் அவர் இடுப்பு உயரம் வந்தன. பூ வைப்பதற்காக விளக்கு எரிவதை நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தார். ஏப்ரலில் பூ மொட்டுகள் வெள்ளை முடியோடு கிளம்பின.

அந்த ஏப்ரலில்தான் அவர் நேரெதிர்த் தவறில் விழுந்தார். ஒரு செடியைக் கொன்றவன் என்ற பயம் உள்ளே குந்தியிருந்தது. எடை குறைந்தாலும் இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று தள்ளினார். லுடிவினிடம் போனில் எட்டு என்று சொன்னது உண்மையில் ஏழு. ஏழு என்று சொன்னது ஆறு. ஒரு நாள் காலை இலைகள் மறுபடி தொங்கின. போனை எடுத்தார். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அஞ்சே முக்கால்."

"என்ன?"

"அஞ்சே முக்கால் கிலோ. நேத்தே ஊத்தியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"இலையை அமுக்கு. எப்படி இருக்கு?"

"பேப்பர் மாதிரி."

"போனை வைக்காதே. தண்ணி எடு. அடுப்புப் பக்கத்துல வச்சதா? சரி. ஒரே ஓரமா ஊத்தாதே, சுத்தி ஊத்து. காஞ்ச மண்ணு முதல்ல குடிக்காது, ஓரமா ஒழுகிடும், பதறாதே. கொஞ்சம் விட்டு மறுபடி ஊத்து. நான் இருக்கேன்."

நாற்பது நிமிஷம் அவள் போனிலேயே இருந்தாள். நடுவில் ஒரு தடவை கோபமாகச் சொன்னாள்: "குடுக்காம விடுறது நல்லதுன்னு நான் உனக்குச் சொன்னேனா? பாத்துக் குடுன்னுதானே சொன்னேன். அப்பாவுக்கு நான் தண்ணியே குடுக்கலைன்னா நினைச்சே? சொட்டு விடாம அவருக்கு உண்டானதைக் குடுத்தேன்."

மத்தியானத்துக்குள் இலைகள் நிமிர்ந்துவிட்டன. ரொஸேர் படியில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் எடையை மாற்றிச் சொன்னதில்லை. மே பிறந்தபோது தராசு அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. தொட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாலே கை சொன்னது. ஆனாலும் போன் செய்ய எடை வேண்டுமே. அதனால் நிறுத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் முதல் வாரத்தில் வெட்டினார்கள். இரண்டு செடிதான், ஆனாலும் மாடி அறையின் கயிறு முழுக்கத் தலைகீழாகத் தொங்கும் அளவுக்குப் பூ. லுடிவின் வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த காம்புகளை ஒடித்துச் சத்தம் கேட்டு, "இது காஞ்சுடுச்சு, இது இன்னும் இல்ல" என்று பிரித்தாள். கிளோவிஸின் பழைய ஜாடி அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே காலியாகியிருந்தது. அன்றிலிருந்து அவர் கஞ்சியும் ஆப்பிள் கூழுமாகக் காலம் தள்ளி, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

ஜூன் கடைசியில், கீமோ போட்ட மூன்றாம் நாள், அவர் ரொஸேர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு இழுப்பு இழுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே லுடிவின் அடுப்பில் வாணலி வைத்து ப்ளோய் சுட ஆரம்பித்தாள். கோழிக் குழம்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ரொஸேர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கிளோவிஸ் மூக்கை நிமிர்த்தினார்.

"லுடி, குழம்புல என்ன போட்டிருக்க?"

"கோழிதான் போட்டிருக்கேன். ஏன், வாடை ஒத்துக்கலையா?"

"வாடை ஒத்துக்கலையாவா? எனக்கு ஒரு தட்டு கொண்டா. இல்ல இரு, நானே வரேன்."

அவரே எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்தார். முதல் ப்ளோயைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் வைக்கும்வரை ரொஸேர் வாசற்படியை விட்டு நகரவில்லை. கிளோவிஸ் மென்றார். விழுங்கினார். காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதுக்கு வெண்ணெய் கேட்டார். லுடிவின் வாணலிப் பக்கம் திரும்பி நின்று, தேவைக்கு மேல் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நீ அன்னைக்கு அந்தப் பூவாளியைக் கவிழ்க்கலைன்னா இன்னைக்கு நான் கஞ்சிதான் குடிச்சிருப்பேன்" என்றார் கிளோவிஸ், வாய் நிறைய.

"பேசாம சாப்பிடுங்க. வேகமா மெல்லாதீங்க. அண்ணே, அவருக்கு உப்பை எட்டி வை."

ரொஸேர் உப்பை எட்டி வைத்தார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. தன் தங்கை மாதிரி ஒரு ஆளை இந்த ஆற்றங்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அவள் வெட்கப்பட்டுக் கத்துவாள். அதனால் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, சுட்டு அடுக்கிய ப்ளோய்களை ஆறாமல் துணியால் மூடினார். மேஜையிலிருந்து கிளோவிஸ் இன்னொன்று கேட்டார்.